பச்சைக் கோடிட்ட நான்காம் பத்தி

மதிப்பிற்குரிய பேராயர் ஐயா,

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சபையின் புதிய நிர்வாகிகள் இருவர் இன்று காலை பழைய கோப்பு ஒன்றை என் மேசையில் வைத்தார்கள். பிரித்ததும், நான் எழுதி நீங்கள் கையொப்பமிட மறுத்த பிரமாண வாக்குமூலம். நான்காம் பத்தியின் குறுக்கே உங்கள் பச்சை மைக் கோடு.

"மேற்படி ஆலய வளாகத்தில் எவருக்கும் எக்காலத்திலும் அனுமதி அளிக்கப்படவில்லை." அடித்தது அந்த வாக்கியத்தைத்தான். அறுவடைக் காலத்தில் அங்கே வேர்க்கடலை காயவைத்த ஊர்ப் பெண்களைத் தடுக்கச் சபையார் வழக்குப் போட விரும்பினார்கள். நிலம் திருமண்டலத்தின் பெயரில் இருந்ததால், அதன் தலைவராக நீங்கள் சத்தியம் செய்ய வேண்டும். பௌர்ணமி கிரிவல நெரிசலில் கார் நகராமல், பேருந்து நிலையத்திலிருந்து அங்கியோடு நடந்தே என் அலுவலகம் வந்தீர்கள். படித்துவிட்டுக் கேட்டீர்கள்: "இது உங்களுக்கு எப்படித் தெரியும், வக்கீல் சார்?"

சபைச் செயலர் சொன்னார் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை திடப்படுத்தல் ஆராதனைக்கு அங்கதான் போறேன். நீங்களும் வாங்க."

நெற்றித் திருநீறோடு கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். சபையின் முழு உறுப்பினராகும் இளையோர் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஜெபித்து முடித்து, வெளியே வந்தீர்கள். வளாகம் பெருக்கிவிட்டாற்போல் இருந்தது. சுவரோரம் சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம், "கடலை எங்கம்மா?" என்றீர்கள்.

"சனிக்கிழமயே வாரிடுவோங்க. ஞாயித்துக்கிழம மட்டும் வேணாம்னு பழைய போதகரு சொல்லியிருக்காரு."

"மத்த நாள்ல?"

"காய வெச்சிக்கோங்கன்னதே அவருதாங்க. கேக்காம யாராச்சும் சாமி வாசல்ல கொண்டாந்து கொட்டுவாங்களா?"

பக்கத்தில் நின்ற செயலர் தரையைப் பார்த்தார். நானும்தான்.

திரும்பும்போது காரில் கேட்டீர்கள்: "அனுமதி குடுத்தோம்னு எழுதினா நிலம் போயிடுமா?" போகாது. அனுமதியின் பேரில் பயன்படுத்துபவர், அந்தப் பயன்பாட்டைக் காட்டி உரிமை கோர முடியாது. நிலத்தைக் காக்கும் அந்த உண்மையை நானே மறுத்து எழுதியிருந்தேன். சொன்னதும் சிரித்தீர்கள். "அப்ப என்னைப் பொய் சத்தியமும் பண்ண வெச்சு, நிலத்தையும் விட்டுடப் பாத்தீங்க." அங்கேயே பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை அடித்தீர்கள். வழக்கு வேண்டாம், அனுமதிக் கடிதம் ஒன்று போதும் என்று முடிவாயிற்று.

ஒரு தரப்பை மட்டும் எழுதினால் நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்பதால் இதையும் பதிவு செய்கிறேன். அந்த முடிவைச் செயலரிடம் தனியே சொல்லாமல் சபை நடுவே அறிவித்தீர்கள். அவர் அதன்பின் ஆலயத்துக்கு வரவில்லை. இரண்டு முறை அவர் வீடு தேடிப் போனீர்கள், கதவு திறக்கவில்லை. "அவர்கிட்ட முதல்ல பேசியிருக்கணும்" என்று என்னிடம் சொன்னபோது உங்கள் குரல் இறங்கியிருந்தது.

இன்று வந்தவர்களும் அதே வழக்கைத்தான் கேட்கிறார்கள். "தேதிய மட்டும் மாத்திப் போட்டாப் போதும் சார்."

"அனுமதி இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். உங்கள் அனுமதிக் கடிதத்தின் நகலை எடுத்துக் காட்டினேன். சபை நடுவே அல்ல, கதவைச் சாத்திவிட்டு.

சனிக்கிழமை மூவரும் போகிறோம், ஊர்ப் பெண்கள் கடலை வாரும் நேரத்துக்கு.