சித்திரைக்குப் பாப்பா வந்துவிடுவாள்

1999 ஜனவரி 13, புதன்

நேற்று கேகாலை கிளினிக்கில் டொக்டர் அம்மா இந்தக் கொப்பியை எழுதச் சொன்னார். தூங்கினாயா, சாப்பிட்டாயா, யாரோடு பேசினாய், எப்போது மனசு கனத்தது, எப்போது லேசானது. மாத்திரை பாதி வேலைதான் செய்யுமாம். மீதியை அன்றாடம் நம்மைச் சுற்றி நடப்பதுதான் செய்யுமாம். சிங்களத்தை மெதுவாக, காது கேளாதவளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவளுக்குச் சிங்களம் விளங்காதா என்ன?

சரி, எழுதுகிறேன். ராத்திரி தூங்கினேன். காலையில் எழும்பத்தான் முடியவில்லை. இவர் தோளைப் பிடித்து உலுக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார். விடியுமுன் வெட்டினால்தான் ரப்பர் மரத்தில் பால் இறங்கும். வெயில் ஏறிய பிறகு போனவளுக்கு என்ன கிடைக்கும்? கங்காணி அரை நாள் சம்பளக் கணக்கில் அரைப் பேர் போட்டார். முழுப் பேர் விழுந்து எத்தனையோ நாளாகிறது.

மனசு கனத்தது: லயத்து வரிசையில் எங்களை ஒட்டிய காம்பராவில் இருக்கும் இருளப்பன் அண்ணன் ரேடியோ போட்டபோது. நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். அதுவும் கூரை வரை போகாது. அவர் இருமினால் எங்கள் வீட்டில் விளக்கு ஆடும்.

லேசானது: இல்லை.

ஜனவரி 14, வியாழன்

பொங்கல். பாப்பாவைப் பார்க்கப் போனோம்.

பதிவில் அவள் பெயர் கிருஷ்ணகுமாரி. எங்களுக்குப் பாப்பா. இரண்டு வயது. பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஏழுமலையின் அக்கா வீட்டில் வளர்கிறாள். அவளைப் பெற்ற கையோடு எனக்குத் தூக்கம் போனது. யாரோ பிள்ளையைத் தூக்கிப் போக வருகிறார்கள் என்று கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேனாம். கோடாங்கி பார்த்தார்கள், கயிறு கட்டினார்கள், கடைசியில்தான் ஆஸ்பத்திரி. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அப்படியானால் நான் சொன்னது பொய்யா?

நாத்தனார் சுப்பம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அவர் புருஷன் மாவனல்லைப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் காவலுக்கு இருக்கும் வாச்சர். தனி வீடு. ஓலை விழுந்தால் தவிர வேறு சத்தம் கிடையாது. பாப்பா அவரைத்தான் அம்மா என்கிறாள். நான் கொண்டுபோன பொங்கலை அவர் ஊட்டினால்தான் தின்றாள்.

நேராகவே கேட்டேன். அவர் தம்பியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "தரமாட்டேன்னா சொல்றேன்? காலையில எந்திரிக்கக்கூட முடியாதவகிட்ட பச்சப்பிள்ளய எப்புடிப்பா விடுறது? மொதல்ல ஒழுங்கா பேரு போடட்டும். சித்திரைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க."

சித்திரைக்கு என்றார். இவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

ஜனவரி 29

பீலியில் குளிக்கப் போனேன். பேசிக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். ஒருத்தி விலகி இடம் விட்டாள், பயத்தில். 'பிஸ்ஸு' என்று ஒரு பிள்ளை சொன்னது காதில் விழுந்தது. பைத்தியம் என்பதைச் சிங்களத்தில் சொன்னால் வலிக்காது என்று நினைப்பு போலிருக்கிறது. எழுதிவிட்டேன் டொக்டர் அம்மா. என்னைச் சுற்றி நடப்பது இதுதான்.

பெப்ரவரி 9, செவ்வாய்

கிளினிக். வாங்குப் பலகையில் என் பக்கத்தில் மாவனல்லைக்காரி பளீலா தாத்தா. முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். வீட்டுக்காரருக்குப் பிடவைக் கடை, துணி வியாபாரம். நல்ல சாரி, கையில் குடை, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"ஊட்டுல பிரஷர் கிளினிக்குன்னு செல்லிட்டுத்தான் வாரேன் தங்கச்சி. ஊர் பூரா எனக்கு பிரஷருன்னுதான் நெனச்சிக்கிட்டு ஈக்குது. உப்புப் போடாமக் கறி ஆக்கித் தாராங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். வாங்கில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். லேசானது: அப்போது.

காலையில் எழும்ப முடியவில்லை என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னேன். மாத்திரையைப் பொழுது பட்டதுமே போடச் சொன்னார். பிந்தித் தொடங்கும் வேலை தரும்படி தோட்டத்துக்கு ஒரு துண்டு எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். என் பைத்தியத்தைக் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கவா? அது சுப்பம்மா மதினி காதுக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்?

பெப்ரவரி 20

அரைப் பேர். மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கிறது, பாலும் இல்லை. இவர் ஒன்றும் கேட்கவில்லை. திட்டினாலாவது பரவாயில்லை.

பெப்ரவரி 27, சனி

நேற்று மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டேன். இன்றைக்கு இவர் எழும்புமுன் எழும்பித் தேத்தண்ணி வைத்தேன். இவர் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "என்னடி, இன்னிக்கி மழ வரப்போகுது" என்றார். இவர் கேலி பேசிக் கேட்டு எவ்வளவு காலம்.

முழுப் பேர்.

மார்ச் 9, செவ்வாய்

கிளினிக். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்று பொய் சொன்னேன். டொக்டர் அம்மாவிடம் பொய் சொல்வது சுலபம். பளீலா தாத்தாவிடம்தான் கஷ்டம்.

"மருந்த உட்டுடாதீங்க தங்கச்சி. நான் ஒருக்கா உட்டுப் பாத்தேன். மொதல்ல சொர்க்கம் மாதிரித்தான் ஈந்திச்சி. பொறகு என்ன நடந்திச்சின்னு எனக்கே தெரியா" என்றார். நான் தலையாட்டினேன்.

அவருக்கென்ன, பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். நான் முழுசாகவே நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது.

மார்ச் 22

நன்றாக இருக்கிறேன். இவ்வளவு நன்றாக இருந்து எத்தனை வருஷம்! காம்பராவுக்கு வெள்ளை அடித்தேன், வாசல் திண்ணை இஸ்தோப்பை மெழுகினேன், பாப்பாவுக்கு இரண்டு சட்டை தைத்தேன், மூன்றாவதும் வெட்டிவிட்டேன். வெட்டுக்குப் போய் வந்து விறகுக்கும் போனேன். கங்காணி எல்லார் முன்னாலும், "விஜயகலாவப் பாத்து மத்தவங்க படிக்கணும்" என்றார். பீலியில் நான்தான் பேசினேன், எல்லாரும் கேட்டார்கள். தூக்கம் கொஞ்சம்தான். தூக்கம் எதற்கு? தூங்கித் தூங்கித்தானே பிள்ளையைத் தோற்றேன். ரேடியோகூட இப்போது தொந்தரவாக இல்லை, பாட்டு எனக்காகவே போடுவது மாதிரி இருக்கிறது. சித்திரைக்குப் பாப்பா வந்துவிடுவாள். சித்திரைக்குப் பாப்பா வந்துவிடுவாள்.

ஏப்ரல் 10, சனி

வந்துவிட்டாள்.

மதினி சொன்ன சொல் தவறவில்லை, அவரே கூட்டி வந்தார். வெள்ளை அடித்த சுவரைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கே" என்றார். போகும்போது அழுதது அவர்தான். பாப்பா அவர் போன பாதையைப் பார்த்துக் கத்தி, கத்தி, களைத்து என் நெஞ்சிலேயே தூங்கிவிட்டாள். தூங்குகிற பிள்ளை இவ்வளவு கனக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. கை மரத்துப் போயிற்று. இறக்கவில்லை.

ஏப்ரல் 12

தூங்கல. தூங்கினா எடுத்துருவாங்க.

இவரும் இருளப்பன் அண்ணனும் இஸ்தோப்புல குசுகுசுன்னு என்ன பேசுறாங்க? என்னயப் பாத்ததும் நிப்பாட்டிட்டாங்க. ரேடியோவுல பேரு சொல்றான், பாப்பா பேரு. மதினி ஏன் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போனா? வழி பாத்து வச்சிக்கிட்டுத்தானே போனா?

ஒருதடவ எடுத்தீங்க. இந்தத் தடவ விடமாட்டேன்.

ஜூன் 5, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. எழுத்து கோணல்மாணலாக வருகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

வருஷப் பிறப்புக்கு முதல் நாள் விடிகாலை, இவர் அசந்த நேரம், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மலைக்குள் போய்விட்டேன். கீழே ஓடைப் பக்கம் ஒரு பாறைக்கு அடியில் உட்கார்ந்திருந்தோமாம். வெட்டுக்கு வந்தவர்களெல்லாம் கத்தியைப் போட்டுவிட்டுத் தேடினார்களாம். வெயில் உச்சிக்கு வந்த பிறகு இருளப்பன் அண்ணன்தான் கண்டுபிடித்தார். பாப்பாவின் கால் முழுக்க அட்டை. பிள்ளை சத்தமே போடவில்லை என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்களாம்.

அவளால் எப்படிச் சத்தம் போட முடியும்? யாராவது கூப்பிடும் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் அவள் வாயைப் பொத்தினேன். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் உள்ளங்கையில் அவள் மூச்சு சுட்டது ஞாபகம் இருக்கிறது.

பாப்பா மதினி வீட்டில். உயிரோடு இருக்கிறாள். அட்டை கடித்த இடம் ஆறிவிட்டதாம்.

ஜூன் 8, செவ்வாய்

டொக்டர் அம்மா திட்டவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று மட்டும் கேட்டார். பிள்ளைக்காக என்றேன். பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். பிறகு தோட்டத்துக்குத் துண்டு எழுதித் தந்தார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 10

கங்காணியிடம் துண்டைக் கொடுத்தேன். படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஸ்டோருல, மரத்துல காஞ்சு ஒட்டுன ஒட்டுப்பால் சுத்தம் பண்ற வேல இருக்கு. எட்டு மணிக்கு வந்தாப் போதும் தாயி" என்றார். அவ்வளவுதான். யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அதுவும் முழுப் பேர்தானாம்.

இவ்வளவுதானா? பெப்ரவரியிலேயே வாங்கியிருந்தா... ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

ஜூலை 18, ஞாயிறு

மதினி வீட்டுக்குப் போனோம். நான் வாசலோடு நின்றுகொண்டேன். பாப்பா என்னைப் பார்த்ததும் அழவில்லை, ஓடவுமில்லை. மதினியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நாங்கள் புறப்படும் வரை முகத்தை எடுக்கவில்லை.

மதினிதான் தட்டில் சோறு போட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தந்தார். "தின்னு. எலும்பும் தோலுமா ஆகிட்ட."

ஓகஸ்ட் 15

மாத்திரை போடுகிறேன். தூங்குகிறேன். இருளப்பன் அண்ணன் தானாகவே ரேடியோவை மெதுவாக வைக்கிறார். ஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் வெற்றிலையை நீட்டுகிறார்கள், அவர்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லி என்னிடம் நியாயம் கேட்கிறார்கள். மனசு லேசாகத்தான் இருக்கிறது. அதற்காக வெட்கமாகவும் இருக்கிறது.

செப்டம்பர் 12, ஞாயிறு

பாப்பா என் கையிலிருந்து பிஸ்கட் வாங்கினாள். வாங்கிய உடனே ஓடிவிட்டாள். போதும்.

ஒக்டோபர் 3, ஞாயிறு

நேற்று பாப்பாவை ஒரு ராத்திரிக்கு இங்கே கூட்டி வந்தோம். மதினிதான் சொன்னார், பழகட்டும் என்று. பகலெல்லாம் விளையாடினாள். தலை சீவ விட்டாள். என் மடியில் இருந்து சோறு தின்றாள். இவருக்கு வாயெல்லாம் பல்.

இருட்டியதும் படுக்கவில்லை. சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்து கதவையே பார்த்தாள். படு என்றால் படுப்பாள், நான் திரும்பினால் மறுபடி உட்காருவாள். பக்கத்துக் காம்பராவில் யாரோ தும்மினார்கள். பாப்பா தன் சின்னக் கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

விடியும் வரை அப்படித்தான். அவள் உட்கார்ந்திருந்தாள், நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். தூக்கமில்லாத ராத்திரி ஒரு ஆளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை.

நவம்பர் 9, செவ்வாய்

கிளினிக். கொப்பியைப் புரட்டிப் பார்த்து, நீ நன்றாக இருக்கிறாய் என்றார் டொக்டர் அம்மா. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் என் எழுத்து ஆடாமல் இருப்பது தெரிகிறதாம்.

நான் என்னைப் பற்றிக் கேட்கவில்லை, பாப்பாவைப் பற்றிக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளை எங்கே நன்றாகத் தூங்குகிறாள் என்றார்.

அங்கே என்றேன்.

வெளியே வந்ததும் பளீலா தாத்தா என் முகத்தைப் பார்த்தார். பஸ் வரும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தன் பஸ்ஸைத் தவறவிட்டார்.

நவம்பர் 21, ஞாயிறு

பாப்பாவைக் கூட்டி வரப் போனோம். இவர் நேற்றே முடிவு செய்துவிட்டார். மதினியும் சம்மதம். "இனி நீ நல்லாயிருக்க. பெத்தவகிட்ட இருக்கிறதுதான் நியாயம்" என்று அழுதுகொண்டே சொன்னார். பாப்பாவின் துணிகளை நாங்கள் கொண்டுபோன பையில் மடித்து வைத்தார்.

பாப்பா உள்ளே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மத்தியான வெயில், தென்னங்காற்று. மல்லாந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே போட்டு, வாயைத் திறந்து தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டில் மதினி கையிலிருந்து ஒரு சட்டி விழுந்தது. பாப்பா அசையவில்லை.

வெளியே வந்து, பையிலிருந்த துணிகளை எடுத்து மதினி கையில் கொடுத்தேன். "இங்கேயே இருக்கட்டும் மதினி" என்றேன்.

இவர் கோபப்பட்டார். "இதுக்குத்தானா இத்தன பாடுபட்ட?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

பாப்பா எழும்புவதற்குள் கிளம்பிவிட்டோம். வெறும் பையோடு அனுப்பக்கூடாது என்று மதினி மரத்திலிருந்து ஒரு ஈரப்பலாக்காய் பறித்துப் பையில் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் இவர் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து அதை வெட்டித் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கினேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். நன்றாக வெந்திருந்தது.