தை அமாவாசைக்கு வந்தவர்

மட்டாஞ்சேரி
12-9-1964

மரியாதைக்குரிய ராசப்பன் அவர்களுக்கு,

அனந்தலக்ஷ்மியின் நமஸ்காரம். உங்கள் ஊர்த் தமிழ்ப் பத்திரிகையில் நான் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து, 'வெங்கிடாசலம் ஐயரைத் தெரியும்' என்று ஒரே வரியில் கார்டு போட்டிருந்தீர்கள். இரண்டு வருஷமாகத் தேடுகிறவளுக்கு ஒரு வரியா? இது நியாயமா?

பாட்டி காலமான பிறகு தாத்தா மலாயாவுக்குக் கப்பலேறினார். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் அவரைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். பிறகு ஊர் திரும்பிய ஒருவர், அவரைக் காலராக் கொட்டகைக்குத் தூக்கிப் போனதைக் கண்டதாகச் சொன்னார். அப்பா தர்ப்பையால் உருவம் செய்து கொள்ளி வைத்தார். இறந்த திதி தெரியாததால், தாத்தா வீட்டைவிட்டுக் கிளம்பிய தை மாதத்து அமாவாசையில் ச்ராத்தம் செய்து வருகிறார். அது சரியான நாள்தானா என்ற விசாரம் அவரை அரிக்கிறது. தாத்தா இறந்தது என்றைக்கு? அதை மட்டும் சொல்லுங்கள்.

நான் பள்ளியில் படித்தது மலையாளம். பிழைகளைப் பார்த்துச் சிரிக்கலாம்.

இப்படிக்கு,
அனந்தலக்ஷ்மி


தைப்பிங், மலாயா
4-10-1964

குழந்தை அனந்தலக்ஷ்மிக்கு,

ராசப்பனும் என் வீட்டுக்காரி மாயம்மாளும் ஆசீர்வாதம் சொல்கிறோம். என் தமிழுக்கு உன் தமிழ் தேவலை, சிரிக்க வழியில்லை.

கிராணி ஐயாவும் நானும் ஒரே தோட்டத்திலிருந்து ஒரே லாரியில் போனவர்கள். நான் மரம் வெட்டினேன், அவர் மண் சுமந்தார். தோட்டத்தில் என் நிழல் பட்டால் ஒதுங்கியவர், அங்கே என் தகரக் குவளையில் கஞ்சி குடித்தார். 'ஊர் போனதும் உனக்கு எங்காத்துச் சாம்பார் போடறேன்டா' என்பார். காலராக் கொட்டகைக்குத் தூக்கிப் போனதும் உண்மைதான்.

திதியைக் கேட்காதே அம்மா. அது எனக்குத் தெரியாது.

அன்புள்ள,
ராசப்பன்


மட்டாஞ்சேரி
30-10-1964

ராசப்பன் மாமாவுக்கு,

கொட்டகைக்குப் போனது வரை சொன்னவர் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டீர்கள். கோபமாக வருகிறது. மிளகு மண்டி வேலை முடிந்து வரும் அப்பா, செருப்பைக் கழற்றுமுன் 'மலாயாக் கடுதாசி வந்துதா?' என்கிறார். போன தை அமாவாசையன்று பிண்டத்தை வெகுநேரம் காக்கை தொடவில்லை. அப்பா அழுதேவிட்டார். அதற்கு முன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. எவ்வளவு கெட்ட செய்தியானாலும் எழுதுங்கள்.

அனந்தலக்ஷ்மி


தைப்பிங்
25-11-1964

அம்மா அனந்தலக்ஷ்மி,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். யாருக்கு என்று கேள்.

கொட்டகையிலிருந்து உன் தாத்தா பிழைத்து வந்தார். சண்டை முடிந்தும் கப்பல் கிடைக்காமல் முகாம் முகாமாக அலைந்தோம். நாற்பத்தேழில் அவர் ஊருக்கு வந்தார், அம்மா. பல் போய், தாடி வளர்ந்து, பூணூல்கூட இல்லாமல் உங்கள் வீட்டு வாசலில் நின்றார். அன்றைக்குத் தை அமாவாசை. உள்ளே தன் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லிப் பிண்டம் வைப்பது அவர் காதில் விழுந்தது.

உன் அப்பா ஈர வேட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். ச்ராத்தம் முடியும்வரை பிச்சை போடுவது உங்கள் வழக்கமில்லையே. 'ச்ராத்தம் கழியல்லை. பின்னே வா' என்று சொல்லிவிட்டுப் போனார். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அடையாளம் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, கையில் ஓர் எள்ளுருண்டையை வைத்துவிட்டு ஓடிவிட்டதாம். அதைத் தின்றுகொண்டே படகுத்துறைக்கு நடந்தார். வேறு போக்கிடம் இல்லாமல் மறுபடி கப்பலேறி மலாயாவுக்கு என்னிடமே வந்தார்.

'சொல்லாதேடா, பெத்த அப்பனை விரட்டினோம்னு அவனுக்கு மனசு வெஷமமாகும், தாங்கமாட்டான்' என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். உனக்குக் கார்டு போட்டதற்கே திட்டு வாங்கினேன். ஆனால் காக்கை தொடவில்லை, உன் அப்பா அழுதார் என்று படித்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வந்து, 'எழுதிடு' என்றார்.

ராசப்பன்


மட்டாஞ்சேரி
3-2-1965

தாத்தாவுக்கு,

உங்கள் பேத்தி அனந்தலக்ஷ்மியின் அனந்த கோடி நமஸ்காரங்கள். எள்ளுருண்டை கொடுத்தது நான்தான். பிராமணர்கள் சாப்பிடும் முன்பே எடுத்துவிட்டேன் என்று முதுகில் ஒன்று வாங்கினேன். இப்போது அந்த அடி இனிக்கிறது. அன்று உங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வராமல் போனேனே என்றுதான் ஆறவில்லை.

கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். 'நானா சொன்னேன்? அப்பாகிட்டயா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாஸ்திரிகளிடம் ஓடினார். கர்மம் செய்யப்பட்டவர் உயிரோடு திரும்பினால், பிறந்த குழந்தைக்குச் செய்வதையெல்லாம் மறுபடி செய்து வீட்டில் சேர்க்க வேண்டுமாம். நாமகரணம்கூட உண்டு. 'அப்பாவுக்கு நான் பேர் வெக்கணுமாம்டீ' என்று அப்பா சிரித்தார், அழுதார்.

நேற்று முன்தினம் தை அமாவாசை. எங்கள் வீட்டில் ச்ராத்தம் இல்லை. வாசலில் பெரிய கோலம் போட்டேன், தெருவே விசாரித்தது.

ராசப்பன் மாமாவும் கூட வரவேண்டும். அவருக்குச் சாம்பார் பாக்கி இருக்கிறது. கீழே அப்பா இரண்டு வரி எழுத உட்கார்ந்திருக்கிறார். வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் பேத்தி,
அனந்தலக்ஷ்மி

அப்பா, ச்ராத்தம் கழிஞ்சாச்சு. உள்ளே வாங்கோ.