இன்னும் வளராத கால்

அன்புள்ள அண்ணா,

"இருக்கிற கொஞ்ச நாளும் தோலோடயும் பசையோடயும் மாரடிக்கணுமா? வீட்டுக்கு வந்து படு" என்று எழுதியிருக்கிறாய். வரமாட்டேன்.

பேக்கரிக்காரர் மகளுக்கு ஒரு கால் குட்டை. அடியை உயர்த்தி நான் தைத்த ஷூவில்தான் முதன்முதலாக நேராக நடந்தாள். நேற்று அவள் அம்மா, "கால் வளந்தா அடுத்த ஷூவுக்கு எங்க போறதுக்கா?" என்று கேட்டுவிட்டு, முடி கொட்டிய என் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்று காலையிலிருந்து மரத்தில் ஷூ தைப்பதற்கான பாத அச்சு செதுக்குகிறேன், அந்தச் சிறுமியின் இன்னும் வளராத காலுக்கு. கொஞ்சம் பெரிதாகவே செதுக்குகிறேன். பிறகு அளவு பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம்.

"அவ்ளோ ஜெபம் பண்ணியே, உன் ஆண்டவர் என்ன கிழிச்சார்?" என்று போனில் கத்தினாயே, நானும் அவரிடம் சண்டை போட்டவள்தான், உன்னைவிடச் சத்தமாக. ஆனால் சிலுவைச் சாவுக்கு முந்தின ராத்திரி அவர் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை, அண்ணா. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட இருந்தவர்களின் கால்களைக் கழுவினார். விடிவதற்குள் ஓடிப்போகும் கால்கள் என்று தெரிந்தே கழுவினார். எனக்கும் கால்தான் வேலை. இருக்கிற நாளுக்கு இது போதும். இல்லாத நாளுக்கும் போதும்.

என்னைப் பார்க்க வேண்டுமென்றால் நீ வா. கோபத்தை விட்டுவிட்டு வரச் சொல்லமாட்டேன். அதையும் கொண்டு வா, உன் தச்சுப் பட்டறை உளியையும் கொண்டு வா. அந்தப் பெண் வளர்ந்து நிற்கும்போது அச்சைக் குறைக்கப்போவது நீதான்.

உன் பிடிவாதக்காரத் தங்கை