பதினான்காவது மஞ்சள் வரி

செவ்வாய் நிலையம், நாள் 212, 13:05

பதிபவர்: ஞானதீபம், கணினிப் பொறுப்பாளர்.

நிலையக் கணினியை இயக்கும் லினக்ஸ் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. கூடவே பதினான்கு மஞ்சள் எச்சரிக்கைகள். எல்லாம் ஒரே பல்லவி: "இந்த அமைப்பு வரி பழையது, விரைவில் நீக்கப்படும்."

நிலையத்தில் நாங்கள் இருவர்தான். பணி மாறும்போது திரையில் மஞ்சள் வரி கிடந்தால், விட்டுப்போனவர் அடுத்தவருக்கு ஒரு வாரம் தேநீர் போட வேண்டும். இசக்கியப்பன் இரண்டாம் அறையில் தூங்குகிறான். 15 மணிக்கு எழுவான். அவனுக்கு நான் தேநீர் போடுவதா? நடக்காது.

13:50

பதின்மூன்று வரிகளைப் புதிய பெயருக்கு மாற்றினேன். பதினான்காவதற்குப் புதிய பெயர் எதுவென்று கையேட்டில் இல்லை. 13:32-க்குப் பூமியைக் கேட்டேன். கேள்வி போகப் பதினேழு நிமிடம், பதில் வரப் பதினேழு. யார் காத்திருப்பது? கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப்போக, முன்னால் # போட்டு அடக்கினேன். மறுதொடக்கமும் முடிந்தது. எச்சரிக்கை: பூஜ்யம். அப்பாடா!

13:58

உள்பேசியில் இசக்கி: "யக்கா, காத்தே வரமாட்டேங்கு. ஃபேன நிறுத்திட்டியளா? காதும் அடைக்கு."

தேநீருக்காக விளையாடுகிறான் என்று நினைத்தேன். "கனவு கண்டது போதும், தூங்குல" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

14:06

பூமியிலிருந்து மரகதவல்லி, கட்டுப்பாட்டு அறை: "மேடம், அந்த வரிய மட்டும் தொடாதீங்க. எச்சரிக்கை வந்தாலும் பழைய பேர் இன்னும் வேலை செய்யுது. ரெண்டாம் அறையில ஆள் இருக்குன்னு சொல்றதே அது ஒண்ணுதான். அத எடுத்தா காலி அறைன்னு நெனச்சு கதவப் பூட்டி காத்த உறிஞ்சிடும்."

ஐயோ. ஐயோ.

14:09

# எடுத்துவிட்டேன். மறுதொடக்கம் பதினொரு நிமிடம். அதுவரை உள்பேசியும் செத்துக் கிடக்கும். உள்ளே காற்று குறைந்ததால் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கிறது. கடப்பாரை வளைந்துவிட்டது.

உள்ளிருந்து தட்டுகிறான். நானும் தட்டுகிறேன். பயமாக இருக்கிறது.

14:16

தட்டும் சத்தம் இல்லை

14:20

கணினி வந்துவிட்டது. விசிறி ஓடுகிறது. திரையில் ஒரே ஒரு மஞ்சள் வரி. அதன் கீழே பச்சையில்: "அறை 2: ஆள் உண்டு."

அது நான் திருப்பிப் போட்ட வரி சொல்வது, உள்ளே பார்த்துச் சொல்வதல்ல. உள்ளே என்ன நடந்திருந்தாலும் அதையேதான் சொல்லும்.

கதவு இன்னும் திறக்கவில்லை. தட்டிக்கொண்டே இருக்கிறேன்.

மஞ்சள் வரி கிடக்கிறது, பார் இசக்கி. தோற்றுவிட்டேன். தேநீர் நானே போடுகிறேன், ஒரு வாரம் இல்லை, ஆயுசுக்கும். ஒரே ஒரு தட்டு தட்டுல