எட்டு வினாக்களுக்கும் விடையளித்தவள்

மார்ச் 4
கடையில் இரண்டு கால்சட்டைகளின் இடுப்பைச் சுருக்கினேன். ஒரு மேலங்கியின் கைகளை நீட்டினேன். மாலையில் தேர்வு முடிவு வெளியாயிற்று. பட்டத்திற்கு எஞ்சியிருந்த ஒரே தாள், பொது நிர்வாகம்: ஐம்பத்தெட்டு. ஐம்பது பெற்றாலே தேர்ச்சி. வீட்டார் மகிழ்ந்தனர். எனக்கோ மனநிறைவில்லை. பள்ளியை விட்ட பின் தானே படித்துத் தேறியவள் நான். எட்டு வினாக்களுக்கும் எழுதிய கைக்கு ஐம்பத்தெட்டா?

மார்ச் 5
மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன்.
"பாஸ் ஆயிட்டல்ல? வேலியில போற ஓணானை எதுக்கு எடுத்து மடியில கட்டிக்கிற?" என்றார் கணவர்.
கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மகள், "அம்மா, மார்க் குறைஞ்சாலும் அதுதான் ஃபைனல்னு கீழ போட்டிருக்கு. படிச்சியா?" என்றாள்.
படித்தேன். அவ்விதி குறைவாக எழுதியோருக்கு உரியது என்று விடையளித்தேன்.

மார்ச் 19
முடிவு வரவில்லை. பொத்தான்கள் தைத்தேன்.

ஏப்ரல் 2
நாற்பத்தொன்று.

அதே நாள், மீண்டும்
நாற்பத்தொன்று என்றால் தோல்வி. தோல்வி என்றால் பட்டம் இல்லை. இல்ல, இது வேற யாரோ எழுதின தாளா இருக்கணும்— என் பதிவெண்தான். மூன்று முறை பார்த்துவிட்டேன். ஐயோ, கையில இருந்ததை நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டேனே!

ஏப்ரல் 9
தேர்வுப் பிரிவில் என் விடைத்தாளைக் காட்டினார்கள். முதல் ஐந்து விடைகளுக்கு மட்டுமே மதிப்பெண். கடைசி மூன்றின் குறுக்கே சிவப்புக் கோடு. அந்த மூன்றும் என் மிகச் சிறந்தவை! கிழிசலை முதலில் சரிசெய்துவிட்டு, அழகுத் தையலை இறுதியில் போடுவது என் தொழில் வழக்கம். தேர்வையும் அவ்வாறே எழுதியிருந்தேன்.

சளியோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த எழுத்தர் பெண் விளக்கினாள்: "ஏதேனும் அஞ்சுன்னுதானே கேட்டிருக்கு? எட்டு எழுதினா முதல் அஞ்சைத்தான் திருத்தணும். மிச்சம் கணக்குல வராது. முதல்ல திருத்தினவர் எட்டையும் படிச்சு நல்ல அஞ்சா பொறுக்கி எடுத்திருக்கார். நல்ல மனசு. ஆனா ரூல் அது இல்லம்மா."

"வினவியவரை விடையின்றி அனுப்புதல் பண்பன்று எனக் கருதினேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கேள்வித்தாள் கோவிச்சுக்காதும்மா."



ஏப்ரல் 10
கொதிப்பு அடங்கவில்லை. "முன்பு தந்த மதிப்பெண்ணையாவது திருப்பித் தரலாகாதா? இது என்ன விதி?" என்றேன்.
"உன் கடைப் பலகையில என்ன எழுதி மாட்டியிருக்க?" என்றாள் மகள்.
‘வெட்டிய துணி மீண்டும் ஒட்டப்படமாட்டாது.’ நானே இயற்றிய வாசகம்.
சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்த கணவருக்குப் புரையேறியது. நன்றாக ஏறட்டும்.

மே 27
நாளை மறுதேர்வு.

மே 28
எட்டு வினாக்கள். எட்டும் தெரிந்தவை. சோதனை என்றால் அதுவல்லவா சோதனை! சிறந்ததை முதலில் எழுதினேன். ஐந்தாவதை முடித்தபின் பேனாவை மூடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளாட்சி வரி பற்றிய ஏழாம் வினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

அறைக் கண்காணிப்பாளர் அருகில் வந்தார். "இன்னும் நேரம் இருக்கே, முடிச்சுட்டீங்களா?"

"முடிக்கவில்லை ஐயா. நிறுத்திக்கொண்டேன்."

வீட்டில் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரே நின்று, ஏழாம் வினாவுக்கான விடையை முன்னுரை முதல் முடிவுரை வரை சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.
"மிச்சம் ரெண்டு இருக்குமே?" என்று இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

ஜூலை 3
எழுபத்திரண்டு. பட்டதாரியானேன்.

குறைந்தது எண்பது வந்திருக்க வேண்டும். மறுமதிப்பீட்டுக்குப் பத்து நாள் அவகாசம் என்று கீழே போட்டிருந்தது. இரண்டு முறை படித்தேன். பிறகு எழுந்து கடைக்குப் போனேன். மேசையில் ஒரு கிழிசல் காத்திருந்தது.