ஏரிக்குள் இறங்கிய அப்பா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் வேறு குறை எதுவும் இல்லை என்று எழுத ஆசைதான்.

அப்பா ஒரு நீர்மூழ்கி செய்திருக்கிறார். சிரிக்காதே. பட்டறையில் கிடந்த பழைய இரும்புத் தொட்டியை வெட்டி, வெல்டிங் செய்து, ஒரு ஆள் உட்கார இடமும் பார்க்கக் கண்ணாடியும் வைத்தார். படகுத்துறையில் கழற்றிப் போட்டிருந்த பிளாஸ்டிக் மிதவைகளைக் கேட்டு வாங்கிவந்து இருபுறமும் கட்டினார். "மிதக்கறதுக்குன்னு செஞ்சதை வச்சு எப்படிங்க முழுகுவீங்க?" என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு மிதவையின் அடியிலும் ஓட்டை போட்டு, மேலே ஒரு குழாய் பொருத்தினார். குழாயைத் திறந்தால் காற்று வெளியேறி, அடிவழியே தண்ணீர் ஏறும், தொட்டி அமிழும். கூடவே கொண்டுபோகும் சிலிண்டரிலிருந்து மிதவைக்குள் காற்றை விட்டால் தண்ணீர் வெளியேறி மேலே வந்துவிடுமாம்.

கரையோரம் சோதித்துப் பார்த்தபோது இடப்பக்கம் முந்தி நிரம்பி ஒருக்களித்துச் சாய்ந்தது. அவர் நெற்றியில் வெட்டு. தெருவே சிரித்தது. போதும் என்று அழுதேன். அவர் கட்டோடு உட்கார்ந்து ஓட்டைகளை ஒரே அளவாக்கிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குள் இறங்கிவிட்டார். உங்கள் படகு கவிழ்ந்து உன் தம்பி போன அதே இடம். தேடியவர்கள் கைவிட்ட இடம். தொட்டியில் கட்டிய கயிறு என் கையில். குமிழிகள் நின்றதும் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் பொங்க, கோணலாக மேலே வந்தார்.

தம்பி கிடைக்கவில்லை. ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நின்று சொன்னார்: "விளக்கு போட்டும் ஒரு முழம் தெரியல. ஒரே சேறு. அதுல பெரியவன் சின்னவனை எப்படிப் பிடிச்சிருப்பான்? நான் அன்னைக்கு அவனை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

கரையில் நனைந்து நடுங்கி நின்ற உன்னிடம் "நீ மட்டும் எப்படிடா வந்தே?" என்று கேட்டாரே, நீ வீட்டை விட்டுப் போகக் காரணமான அந்தக் கேள்வியைத்தான். அதை அவனுக்கு நீங்களே எழுதுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். பேனாவை எடுத்தார், வைத்துவிட்டார்.

மறுபடியும் இறங்குவாராம். நான் தடுக்கவில்லை. எனக்கும் சின்னவன் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கிருந்தாலும் நன்றாக இரு என்று எழுதி முடிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. வீட்டுக்கு வா கண்ணு. எங்களை இன்னொரு பிள்ளையையும் தேட வைத்துவிடாதே.

உன் அம்மா