முகூர்த்த நாளில் மறியல்

கோயமுத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு அக்ஷிதாவுக்கு, அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் உன்ற தம்பி வம்சியும் உடம்புக்கு ஒரு கொறையுமில்லாம இருக்கறோம், நீயும் அந்தக் குளிர்ல சளி கிளி புடிக்காம இருக்கோணும்னு காரமடை ரங்கநாதர்கிட்டப் போன சனிக்கிழமையே சொல்லிப்போட்டு வந்துட்டேன். போன் இருக்கறப்ப எதுக்கு கடுதாசின்னு நீ கேப்பே. போன்ல நீ என்னை எங்க பேச விடறே, நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ ஜெர்மனிச் சட்டம் ஒம்பது சொல்றே, நடுவுல உங்கப்பா போனைப் புடுங்கி அங்க இப்ப மணி என்னன்னு கேக்கறாரு. நீ போன நாள்ல இருந்து தெனமும் இதையேதான் கேக்கறாரு. அதனாலதான் பருப்புப்பொடி பார்சலோட இதையும் வெச்சுத் தாட்டி விடறேன். ஊட்டுல தெலுங்கு பேசினாலும் எழுதறதுக்கு நமக்குத் தமிழ்தானே வரும், அதுலயே எழுதறேன், தப்பு இருந்தா டீச்சர் மாதிரி சுழிக்காதே.

மொதல்ல ஒரு காரியம் பண்ணு. அந்த அட்டையில ஒட்டி வெச்ச என்ற போட்டோவைக் கிழிச்சுப்போடு சாமி. நான் மறியலுக்குப் போன அன்னிக்கு உங்கப்பா உனக்கு வாட்ஸ்அப்புல, அம்மாவப் போலீஸ் புடிச்சுட்டுப் போயிருச்சு, மத்ததை சாயங்காலம் சொல்றேன்னு ஒத்தை வரி பேசி அனுப்பிப்போட்டு, போனை சார்ஜுல சொருகிட்டு பெரியநாயக்கன்பாளையத்துக்கு லேத்துப் பட்டறையப் பார்க்கப் போயிட்டாரு. ஏனுங்க, தூரதேசத்துல ஒத்தையா இருக்கற பொண்ணுக்கு இப்படியா சேதி சொல்லுவாங்கன்னு கேட்டா, சாயங்காலம் உட்டுருவாங்கன்னு ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதாங்கறாரு. தெரிஞ்சிருந்தாலும் பெத்தவளைப் புடிச்சுட்டாங்கன்னா எந்தப் புத்தி வேலை செய்யும், நீ ஆபீஸ்லயே உக்காந்து அழுதயாமே. உன்ற ஆபீஸ்காரங்க அட்டை வெட்டி, பங்காரம்மாவை விடுதலை செய்னு அவங்க பாஷையில எழுதி, நம்ம தூதரகத்துக்கு முன்னால போய் நிக்கறதுக்கு ரயில் நேரமெல்லாம் பார்த்துட்டாங்களாமே. நல்ல சனங்க, நல்லா இருக்கட்டும். ஆனா ஒட்டறதுக்கு உனக்குக் கெடைச்ச போட்டோவைப் பாரு, உங்க சித்தி மக கல்யாணத்துல நான் வாய் நெறைய ஜிலேபியோட நிக்கறது. அதைப் பார்த்துட்டு எவனாச்சும் எனக்குக் கொடுமை நடக்குதுன்னு நம்புவானா?

அவங்களுக்கு நம்மூரு வழக்கத்தை நீ எடுத்துச் சொல்லோணும். நம்பட ஊர்ல மறியல்னா அதுக்கு ஒரு முறை இருக்குது. ஸ்டேஷன்ல முன்னாடியே சொல்லிப்போடோணும், ரோட்டுல உக்காரோணும், கோஷம் போடோணும், அவங்க எந்திரிங்கம்பாங்க, நாம மாட்டோம்போம், அப்பறம் கைதுன்னு சொல்லி பஸ்ஸுல ஏத்திக் கல்யாண மண்டபத்துல கொண்டு போய் உக்கார வெப்பாங்க, பேரு எழுதுவாங்க, மத்தியானம் தக்காளி சாதமோ லெமன் சாதமோ போடுவாங்க, சாயங்காலம் டீயைக் குடிச்சுட்டு ஊட்டுக்கு வந்து துணி மடிக்கலாம். நம்ம காலனி முன்னால மேட்டுப்பாளையம் ரோட்டைக் கடக்கறதுக்கு இருந்த வழியைத் தடுப்பு வெச்சு அடைச்சுப்போட்டாங்கன்னு சொன்னேன்ல, எதுத்தாப்புல கண்ணுக்குத் தெரியற பால் பூத்துக்கு, எங்கயோ போய் யூ டர்ன் போட்டு வரோணும், அதுக்குள்ள பாலு தயிராயிரும். பள்ளிக்கூடத்துப் பொடுசுக தடுப்பு மேல ஏறிக் குதிக்குதுக, லாரி வர்ற ரோடு, பார்க்கறவங்களுக்கு நெஞ்சு பதறுது. மனுக் குடுத்துக் குடுத்து ஓஞ்சு போய்த்தான் மறியல்னு முடிவாச்சு. என்னிக்கு வெச்சுக்கலாம்னு பேச்சு வந்தப்ப, அஷ்டமி நவமி ஆகாது, செவ்வாக்கெழமை ஆகாதுன்னு ஊட்டுல இருந்து காலண்டரைக் கொண்டு வந்து, நல்ல முகூர்த்த நாளாப் பார்த்துக் குடுத்தது யாருன்னு நெனைக்கறே? உங்கம்மாதான். எல்லாரும் கை தட்டினாங்க. முகூர்த்த நாள்ல மண்டபம் ஒண்ணு கூடக் காலி இருக்காதுங்கறது அத்தனை பேர்ல ஒருத்தருக்கும் தோணலை, போலீஸுக்கும் தோணலை.

ரோட்டுல உக்காந்தாச்சு, கோஷம் போட்டாச்சு, கைதுன்னும் சொல்லியாச்சு, கொண்டு போய் வெக்க எடமில்லை. இன்ஸ்பெக்டர் மண்டபம் மண்டபமாப் போன் போடறாரு, எங்க போட்டாலும் அந்தப் பக்கம் கெட்டிமேளம்தான் கேக்குது. மொதல்ல எல்லாருக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு, வெயில் ஏற ஏறச் சிரிப்பெல்லாம் போயிருச்சு கண்ணு. ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது, ஆரனடிக்கறாங்க, வெளியூர்ல இருந்து பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரங்க காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை, நாங்களும் குடிக்கலை. அந்த நேரம் பார்த்து பூ ஜோடிச்ச கார் ஒண்ணு வந்து மாட்டிக்கிச்சு, உள்ள மாப்பிள்ளை பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கறான், முகூர்த்தம் தப்புதுன்னு அவங்கம்மா கண்ணாடியை எறக்கி எங்களை வெய்யுது. நம்ம பஷீர் இருக்கறாரே, நம்ம ஊட்டு ஜன்னல் துணியெல்லாம் தெச்சுக் குடுத்தாரே, அவருதான் எந்திரிச்சு, அட உடுங்கப்பா, கல்யாணக் காரியம், அந்தப் பையன் என்ன பாவம் பண்ணினான்னு சனத்தை ஒதுக்கி, காரு முன்னால கையைத் தூக்கிக்கிட்டு வழி பண்ணிட்டுப் போனாரு. நான் அவரு பக்கத்துலயே நிக்கறேன். மத்தவங்கெல்லாம் மாப்பிள்ளையப் பார்க்கறாங்க. பின்னால இருந்து வந்த ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரர், இவரு காரை அடிக்கப் போறாருன்னு நெனைச்சாரோ என்னமோ, ஒரு வார்த்தை கேக்காம லத்தியை எடுத்து மணிக்கட்டுலயே போட்டாரு. அவரு கையை எறக்கினதுக்கப்பறம் மறுக்காவும் போட்டாரு. மொத அடி அவசரத்துல உழுந்ததுன்னே வெச்சுக்கலாம், ரெண்டாவது எதுக்குன்னு எனக்கு இன்னும் வெளங்கலை.

அதுக்கப்பறம் ஒரு மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளை கெளம்பிட்டாங்கன்னு எங்களை அங்க கொண்டு போனாங்க. பந்தி இன்னும் முடியலை. வாசல்ல நின்ன பொண்ணோட மாமா எங்களைக் கல்யாணத்துக்கு லேட்டா வந்த ஒறம்பரைச் சனம்னு நெனைச்சு, வாங்க வாங்க, எதுல வந்தீங்கன்னு கேட்டுப்போட்டாரு. போலீஸ் பஸ்ஸுலங்கன்னு சொன்னேன். மனுசன் திகைச்சுப் போனாரு, இருந்தாலும் நம்ம பக்கத்து ஆளு பாரு, வந்தது வந்துட்டீங்க, கை நனைக்காமப் போகக் கூடாதுங்கன்னு போலீஸுக்கும் சேர்த்து எலை போடச் சொல்லிட்டாரு. எனக்குக் காவலா வந்த லேடி போலீஸ் பக்கத்து எலையில உக்காந்து, அம்மா இந்த ரசத்துக்கு என்ன போட்டிருக்காங்கன்னு கேக்குது, பாவம், பசி அந்தப் புள்ளைக்கு, பாயசத்தை ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சுச்சு. கெளம்பறப்ப ஆளுக்கொரு தாம்பூலப் பை. கைதாகித் தேங்காயோட ஊடு வந்து சேர்ந்தது இந்த ஜில்லாவுலயே நாங்களாத்தான் இருப்போம். ஆனா பஷீரால அப்பளத்தை நொறுக்க முடியலை. வலது கையைத் துண்டுக்குள்ள மூடி மடியில வெச்சுக்கிட்டு, பசிக்கலை பசிக்கலைன்னு சொல்லிட்டே இருந்தாரு. துண்டை நான்தான் வெலக்கிப் பார்த்தேன், பன்னு மாதிரி வீங்கிக் கெடக்குது. ஆஸ்பத்திரியில எலும்பு முறிஞ்சிருச்சுன்னு மாவுக்கட்டுப் போட்டு உட்டிருக்கறாங்க. கத்திரி புடிக்கற கை அது.

மறுநாள் பார்த்தா, அவரு தடுப்புல தடுக்கி உழுந்துட்டாருன்னு போலீஸ் பக்கம் பேச்சு. நம்ம காலனியில ஒருத்தர் பாக்கியில்லாம, அட போலீஸ்னா ரெண்டு போடத்தான் செய்வாங்க, உசுருக்கு ஒண்ணுமில்லையே, உடுங்கங்கறாங்க. உங்கப்பா அடியாத மாடு படியாதுன்னு ஆரம்பிச்சுட்டாரு. நானும் டிவியில கலாட்டா பண்றவங்களைப் பார்த்தா, அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டாங்கன்னு சொல்றவதானே. பக்கத்துல நின்னு அந்தச் சத்தத்தைக் காதுல கேட்டதுல இருந்து அது என்ற வாயில வரமாட்டேங்குது. நீ போன்ல சொன்னதையெல்லாம் ரோசிச்சுப் பார்த்தேன். அங்க ஒரு பையனைப் போலீஸ் தரதரன்னு இழுத்துட்டுப் போனதுக்கு, பார்த்தவங்கெல்லாம் தானாப் போய்ச் சாட்சி சொன்னாங்கன்னே. உங்கூட வேலை செய்யற பிரெஞ்சுக்காரப் பொண்ணு, எங்கூர்ல ஊர்வலம்னா கண்ணீர்ப்புகை வரத்தான் செய்யும்னு கைப்பையிலயே நீச்சல் கண்ணாடி வெச்சிருக்குதுன்னே, நாம கொடை எடுத்துட்டுப் போற மாதிரி. அதைக் கேட்டு நான் சிரிச்சு மாளலை, அப்பறம் அந்தப் பொண்ணைப் பெத்தவளுக்கு இது தெரியுமோ என்னமோன்னு ஒரு மாதிரி ஆயிருச்சு. நீ வாடகைக்கு இருக்கற ஊட்டுக்காரம்மா ஹெல்கா மட்டும், போலீஸ் தள்ளுச்சுன்னா காரணமில்லாமத் தள்ளாது, ஊட்டுல சும்மா இருக்கறவளையா வந்து தள்ளறாங்கன்னு கேட்டாங்களாமே. அதை உங்கப்பாகிட்டச் சொன்னேன், பார்த்தியா, ஜெர்மனியிலயும் வெவரந் தெரிஞ்சவங்க இருக்கறாங்கன்னு மீசையை முறுக்கறாரு. ரெண்டு பேரையும் எதுரெதுரா உக்கார வெச்சு ஒரு சொம்பு மோரு குடுத்தாப் போதும், பாஷையே வேண்டாம், தலையை ஆட்டிக்கிட்டே பொழுதைப் போக்கிருவாங்க.

இப்படி இருக்கறப்பத்தான் பஷீர் சம்சாரம் சபுரா ஊட்டுக்கு வந்துச்சு. அக்கா, நீங்க பக்கத்துலதான் நின்னீங்களாம்லன்னு மட்டும் கேட்டுச்சு, வேற ஒண்ணும் கேக்கலை, காப்பியக் கூடக் குடிக்காமப் போயிருச்சு. தாலுகா ஆபீஸ்ல விசாரணை வெச்சாங்க, கண்ணால பார்த்தவங்க வந்து சொல்லலாம்னாங்க. கெரகம், பார்த்தது நான் ஒருத்திதான். வம்சி எஸ்.ஐ. பரீட்சை பாஸாகி, ஓட்டம் கயிறேறறதெல்லாம் முடிச்சு, இப்ப போலீஸ் வெரிஃபிகேஷனுக்குக் காத்துக்கிட்டு இருக்கறது உனக்குத் தெரியும். இது நல்ல குடும்பம், வில்லங்கம் ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுக்கோணும். யாரு எழுதோணும்? அவங்களேதான். மறியல்ல என்ற பேரு ஏறினதுக்கே ஊட்டுல ஒரு வாரம் மூஞ்சி காட்டினாரு உங்கப்பா, இந்த லட்சணத்துல போலீஸ் அடிச்சுதுன்னு நானே போய்ச் சொன்னா? பையன் பொழப்பு பங்காரு, இந்த ஒரு தடவை வாயை மூடிக்கோன்னு அவரு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாரு கண்ணு. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அவரு என்னைக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை, எனக்கு அழுகையே வந்துருச்சு. வம்சி சோத்தைப் பெசஞ்சு பெசஞ்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். நீ என்னடான்னா போன்ல, தைரியமாப் போய்ச் சொல்லுங்கம்மா, அது உங்க உரிமைங்கறே. உனக்கென்ன அம்மணி, நீ அங்க உக்காந்துக்கிட்டுச் சொல்லிருவே, இங்க தட்டுல மிச்சமாகற சோத்தை நாந்தானே பார்க்கோணும். அன்னிக்கு மட்டும் நீ எட்டற தூரத்துல இருந்திருந்தா ரெண்டு வெச்சிருப்பேன். பாரு, லத்தி இல்லாத கொறைதான் எனக்கு.

கடைசியில போனேன். பஸ்ஸுல போயிக்கறேன்னு பையைத் தூக்கினேன், வம்சி வண்டியை எடுத்து வாசல்ல நிறுத்தினான், நானும் ஏறிக்கிட்டேன். விசாரிச்ச மேடம் ரொம்ப மரியாதையா உக்கார வெச்சுக் கேட்டாங்க. மாப்பிள்ளை கார் வந்ததுல இருந்து ரெண்டாவது அடி உழுந்தது வரைக்கும் கண்டதைக் கண்டபடி சொன்னேன், போலீஸ்காரங்களும் அந்த வெயில்ல தண்ணி கூட இல்லாம நின்னாங்க, அதையும் எழுதிக்குங்கன்னு சொன்னேன். எல்லாம் எழுதிட்டு அந்த மேடம் பேனாவை வெச்சுப்போட்டு, உங்க பையன் எஸ்.ஐ. வேலைக்குக் காத்திருக்கறாராமே, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மான்னு மெதுவாக் கேட்டாங்க. மெரட்டறாப்புல இல்லை, என்மேல பாவப்பட்டுத்தான் கேட்டாங்க. யோசிச்சுத்தானுங்க வந்தேன், நாளைக்கு எம்பையன் கையிலயும் இதே தடியத்தான் குடுப்பீங்க, அவனும் வெயில்ல நிப்பான், பசிக்கும், கோவம் வரும், அவன் ரெண்டாவது தடவை கையை ஓங்கறப்ப பக்கத்துல ஒருத்தி பார்த்துக்கிட்டு நிக்கறாங்கற பயம் அவனுக்கு இருக்கோணுமுங்கன்னேன். சொல்லிட்டுத் திரும்பினா கதவுகிட்ட வம்சி நிக்கறான். ஊடு வந்து வண்டியை ஸ்டாண்டு போட்டான், ஹெல்மெட்டைக் கழட்டாமயே, ஏம்மா, நான் போலீஸாகி யாரையாச்சும் அப்படி அடிச்சுப்போட்டா எனக்கு எதிரா நீங்களே வந்து சாட்சி சொல்லுவீங்களான்னு கேட்டான். மொத ஆளா வருவேண்டான்னேன். அவன் ஹெல்மெட்டைக் கழட்டி என்ற கையில குடுத்துட்டு, சரி, பசிக்குது, சோத்தைப் போடுங்கன்னுட்டு உள்ள போனான்.

வெரிஃபிகேஷனுக்கு இன்னும் ஆரும் வரலை. வருவாங்களோ வராமலே போயிருவாங்களோ, கேட் சத்தம் கேட்டா நானும் உங்கப்பாவும் எட்டிப் பார்த்துட்டு வர்றோம். உன்ற தம்பிக்கு ஒரு போன் பண்ணு கண்ணு, சட்டமும் உரிமையும் பேசாதே, சும்மா பேசு. எங்க இருந்தாலும் நீ நோய் நொடியில்லாம, நல்ல பேரோட, தீர்க்காயுசா இருக்கோணும். பொடியை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே, பூஞ்சை புடிச்சுரும்.

இப்படிக்கு,
உன்மேல உசுரா இருக்கற அம்மா,
பங்காரம்மா